வராத மிஸ்டு கால்

மிஸ்டு கால் வரவில்லை.

மைக் போனைத் தொட்டுப் பார்த்தாள். "சார்ஜ் எண்பது சதவீதம்" என்று அது பெண் குரலில் பெருமையடித்துக்கொண்டது. சிக்னலுக்கும் குறைவில்லை. அவள் பல் துலக்கியாயிற்று, தலை பின்னியாயிற்று, பின்னியது கோணல் என்று அவிழ்த்து மறுபடி பின்னியும் ஆயிற்று. போன் மட்டும் பேசாமடந்தையாக மேஜையில் கிடந்தது.

மைக் என்பது பட்டப்பெயர். பஸ் நிலையத்தில் "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஊரையே அதட்டும் குரல் அவளுடையது. பிறந்ததிலிருந்து கண் தெரியாது. ஊருக்கு என் முகம் தெரியாது, எனக்கு ஊர் முகம் தெரியாது, கணக்கு நேர் என்பாள்.

தினமும் காலையில் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். வெல்டர் கொடுப்பான். வெல்டருக்கு அதற்கு முன்பே கமிஷனர் கொடுத்திருப்பாள். மைக் தன் பங்குக்குப் பேக்கரிக்குக் கொடுக்க, பேக்கரி கமிஷனருக்குத் திருப்பிக் கொடுத்து வட்டத்தை மூடிவிடுவான். மணி ஒரு தரம் அடிக்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் அபராதம், நாலு பேருக்கும் டீ. எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், அடுத்தது நீ. அந்த ஒற்றை மணிக்கு இவ்வளவு அர்த்தம். நாலு பேரும் தனித்தனி வீட்டில் தனியாக இருப்பவர்கள்.

மைக் வெல்டருக்கு அடித்தாள். "ஸ்விட்ச் ஆஃப்."

கமிஷனருக்கு அடித்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து, ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி ஓய்ந்தது.

கமிஷனர் போனை எடுக்காமல் இருப்பதா? அவள் பிழைப்பே போன்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊர்ப்பட்ட செத்த போன்களுக்கு உயிர் கொடுப்பவள். பஸ் நிலையத்துக்குச் சாய்வுப் பாதை போடும் வரை நுழைவாயிலில் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தி ஒரு பஸ்ஸையும் விடமாட்டேன் என்று அடம்பிடித்த நாளில் கிடைத்த பட்டம், கமிஷனர். மைக்குக்கு அவளோடு பழக்கமானதும் அன்றைக்குத்தான். "பஸ்கள் தாமதமாகப் புறப்படும், காரணம் ஒரு பெண்மணி" என்று அறிவித்துவிட்டு, யாரந்தப் பெண்மணி என்று பார்க்க இறங்கி வந்தாள்.

மைக் பேக்கரியைக் கூப்பிட்டாள். அவனுக்குக் கையும் நாக்கும் சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்காது. ஆனால் அடுப்பு கேட்கும்.

"எ...எனக்கும் வரல. நா...நான் வரவா?"

"நீ ரொட்டியைக் கருக விட்டா முதலாளி உன்னைக் கருக்கிடுவாரு. நான் போறேன்."

"வீட்டைச் சுத்திப் பாரு. பாத்துட்டு அ...அப்புறம் யாருக்குன்னாலும் சொல்லு. ரூல்."

"தெரியும்டா, ரூல் போட்டதே நான்தான்."

டாக்சிக்காரர் அவள் கைக்கோலைப் பார்த்துவிட்டு, "கூட ஆள் யாரும் வரலையாம்மா?" என்றார்.

"நீங்க இருக்கீங்கல்ல? ஓட்டுங்க."

தூறல் கண்ணாடியில் சிணுங்கியது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றபோது அவள் கைக்கோலை மடக்கி மடக்கி விரித்தாள். ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். ஒன்றும் இல்லாவிட்டால் போனை எடுத்திருப்பாளே என்று உடனே இன்னொரு குரல். அந்த இன்னொரு குரலுக்குத்தான் தொண்டை பலம்.

கமிஷனர் வீடு தரைத்தளத்தில். வெல்டர் போட்டுக் கொடுத்த இரும்புச் சாய்வு கைக்கோலுக்கு அடியில் 'டங்' என்றது. மைக் கதவைத் தட்டினாள்.

"கமிஷனர்! ஏய்! நான்தான்!"

பதில் இல்லை. கதவில் காதை ஒட்டினாள்.

தண்ணீர்.

உள்ளே, பின்பக்கம், குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மைக்குக்கு ஒரு வீட்டின் வாசலில் நின்றால் போதும், உள்ளே யார் எந்த அறையில் என்ன மனநிலையில் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்பது வரை சொல்லிவிடுவாள். இன்றைக்கு அந்தத் தண்ணீர் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது. மூச்சு கேட்கவில்லை. சக்கரம் கேட்கவில்லை. திட்டுகூட இல்லை. கமிஷனர் வீட்டில் திட்டு கேட்காவிட்டால் அது வீடே இல்லை.

இன்னும் ஓங்கித் தட்டினாள். கை வலித்தது. தண்ணீர்தான் கொட்டியது.

மாற்றுச் சாவி இரண்டு. ஒன்று வெல்டரிடம். அவன் போன் செத்துக் கிடக்கிறது. இன்னொன்று கமிஷனரின் அண்ணனிடம்.

அண்ணன் மருந்துக்கடை வைத்திருப்பவர். தங்கை தனியாக இருக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது வீடே இரண்டுபட்டது. கடைசியில் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டார். ஏதாவது ஒன்று, ஒரே ஒரு தடவை ஆனாலும், மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட வேண்டும். அப்போது ஜாமீன் நின்றவள் மைக். "ஏதாச்சும் ஆச்சுன்னா முதல் போன் உங்களுக்குத்தான் அண்ணே. என் வாக்கு."

கூப்பிட்டால் கமிஷனரின் சுதந்திரம் போய்விடும். கூப்பிடாவிட்டால்? தண்ணீருக்குள் மூக்கு மூழ்கிக் கிடந்தால்?

மைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கதவு திறக்கல. உள்ள தண்ணி ஓடுது. சாவி எடுத்துட்டு வாங்க."

கடை ஷட்டர் சரசரவென்று இறங்கும் சத்தம்.

"நான் அப்பவே சொன்னேன். யாராச்சும் கேட்டீங்களா? வர்றேன். இந்தத் தடவை அவ பெட்டியையும் சேர்த்துத்தான் ஏத்திட்டுப் போவேன்."

லைன் அறுந்தது.

அதே நேரம் தெருமுனையில் ஒரு சத்தம் கிளம்பியது. சைலன்சர் போன மூன்று சக்கர வண்டி. அந்த இரைச்சல் ஓட்டுகிறவனைத் தவிர ஊருக்கே கேட்கும். வெல்டர்!

வெல்டருக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். மைக்கிடம் மட்டும் அவன் பேசுவது அவள் உள்ளங்கையில், விரலால் எழுதி. வந்ததும் அவள் கையைப் பிடுங்கி அவசரமாக எழுதினான். 'போன் சார்ஜ் ஏறல. தூங்கிட்டேன். இப்ப போட்டா கமிஷனர் கால் இல்ல.' தலையணைக்கடியில் அதிர்கிற அந்தப் போன்தான் அவனுக்குச் சேவல்.

மைக் அவன் தோளைத் தட்டி, முகம் தன் பக்கம் திரும்பியதை மூச்சில் உணர்ந்துகொண்டு, "சாவி!" என்றாள்.

அவன் நகரவில்லை. அவள் கையை மறுபடி பிடித்தான். இந்த முறை எழுத்து மெதுவாக விழுந்தது.

'லைட்.'

"என்ன லைட்டு?"

அவன் அவள் விரல்களை மடக்கினான். விரித்தான். மடக்கினான். விரித்தான். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மடக்கி விரித்தான். பக்கவாட்டில், குளியலறையின் சின்ன ஜன்னலில், மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் பல்பு எரிந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.



வெல்டர் பட்டறையில் காலிங் பெல் கிடையாது. வாசலில் சுவிட்சைத் தட்டினால் உள்ளே பல்பு மின்னும். கமிஷனர் குளியலறையிலும் விளக்குக்குத் தரை வரை தொங்கும் கயிறு ஒன்று உண்டு, அவன் கட்டியதுதான். அவள் உயிரோடு இருக்கிறாள். நினைவோடு இருக்கிறாள். தேடி வருவது வரிசையில் அடுத்தவனான வெல்டர்தான் என்று நம்பி, அவனுக்குப் புரிகிற பாஷையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். வந்து நின்றதோ மைக். பக்கத்து ஜன்னலில் மின்னியது வெளிச்சம். வாசலில் நின்றவளுக்கு வேண்டியது சத்தம்.

சுத்திப் பாரு என்றான் பேக்கரி. சுற்றினால் மட்டும் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்?

"அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன்டா," என்றாள். வெல்டர் அதை உதட்டில் படித்தான் என்பது அவன் பிடி இறுகியதில் தெரிந்தது.

வெல்டரின் சாவிக்குக் கதவு திறந்தது. இருவரும் உள்ளே ஓடினார்கள். குளியலறைக் கதவு விரல் நுழையும் அளவு திறந்து முட்டிக்கொண்டு நின்றது.

"வெல்டரா? தள்ளாதே! நாற்காலி முட்டிட்டு நிக்குது!" உள்ளேயிருந்து கமிஷனரின் குரல். மைக் அப்படியே கதவில் சாய்ந்துவிட்டாள்.

"அவனுக்கு எங்கேடி கேக்கும்? நான்தான். உசிரோட இருக்கியா?"

"இல்ல, ஆவி பேசுது! கையை விட்டுச் சக்கரத்தைத் திருப்பு!"

வெல்டரின் முறம் மாதிரிக் கை சந்துக்குள் போகவில்லை. மைக்கின் கை போனது. இரும்பு, டயர், ஆரக்கால். முன் சக்கரத்தைத் தடவிக் கண்டுபிடித்துப் பக்கவாட்டில் திருப்பினாள். நாற்காலி வழிவிட்டது. வெல்டர் மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

ஈரத் தரையில் மண்டியிட்ட மைக்குக்குக் கதை துண்டு துண்டாகக் கிடைத்தது. குளித்துவிட்டு ஸ்டூலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது பிரேக் வழுக்கி, நாற்காலி பின்னால் ஓடிவிட்டது. விழுகிறவள் குழாயைப் பிடிக்க, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. ஒற்றைக் கையால் ஏற முடியவில்லை.

"கத்தியிருக்கலாம்ல?"

"கத்தினா மேல்வீட்டுக்காரிக்குக் கேக்கும். அவகிட்ட அண்ணன் நம்பர் குடுத்து வெச்சிருக்கான். அடுத்த நிமிஷம் வாசல்ல நிப்பான். அதான் வாயை மூடிக்கிட்டு லைட்டைப் போட்டேன். வெல்டர் எப்படியும் வருவான்னு தெரியும்."

மைக்கின் கை ஈரத் தரையில் கைக்கோலைத் தேடியது.

"என்னடி? ஏன் உன் மூச்சு ஒரு மாதிரி இருக்கு?"

"அண்ணனுக்கு நானே போன் போட்டுட்டேன்."



"அடிப்பாவி," என்றாள் கமிஷனர் மெதுவாக. பிறகு அவள் குரல் பழைய அதிகாரத்துக்கு மாறியது. "சரி, அழுறதை அப்புறம் வெச்சுக்கலாம். தூக்காதே! யாரும் என்னைத் தூக்க வேணாம். நாற்காலியைப் பின்னாலேர்ந்து உன் முழு கனத்தோட அழுத்திப் பிடி. இடது தோளைக் கொஞ்சம் குடு. ஸ்டூலுக்கு முதல்ல. அப்புறம் நாற்காலிக்கு. நான் சொல்றப்ப மட்டும்."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம்.

"தங்கச்சி எங்கேப்பா? உள்ள விடு!" அண்ணனின் குரல். வெல்டர் வாசலை அடைத்து நிற்கிறான் என்று புரிந்தது. "நகருப்பா! என்ன? என்னத்த எழுதிக் காட்டுற? கண்ணாடியைக் கடையில வெச்சுட்டு வந்துட்டேன்யா!"

"இப்ப!" என்றாள் கமிஷனர். மைக்கின் தோளில் ஒரு பாரம் விழுந்து, எழும்பி, நகர்ந்தது. ஸ்டூல் கிறீச்சிட்டது. இன்னொரு தடவை. நாற்காலி மைக்கின் நெஞ்சில் முட்டியது. அவள் சுவரில் காலை ஊன்றிக்கொண்டாள். கமிஷனர் உட்கார்ந்துவிட்டாள்.

"நைட்டி. கொக்கியில இருக்கு. சீக்கிரம்."

அண்ணன் உள்ளே வந்தபோது கமிஷனர் நடு அறையில் இருந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டியது. மைக் முந்திக்கொண்டாள்.

"ஒன்னும் இல்ல அண்ணே, போன் சைலன்ட்ல கிடந்துச்சு. குளிச்சிட்டிருந்தா. நான்தான் அவசரப்பட்டு..."

"விழுந்துட்டேன்," என்றாள் கமிஷனர்.

மைக் அவள் கையைக் கிள்ளினாள். கிள்ளியது வீங்கிய கையை. கமிஷனர் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"பிரேக் தேஞ்சிருக்கு. விழுந்தேன். கையில சுளுக்கு. இவங்க வந்தாங்க, ஏறிட்டேன்."

"போதும்," என்றார் அண்ணன். குரலில் கோபத்தைவிட நடுக்கம் அதிகம் என்று மைக்குக்குப் பட்டது. "பேச்சே வேணாம். கிளம்பு." நாற்காலியின் பின்பிடியைப் பற்றித் தள்ள ஆரம்பித்தார்.

கமிஷனர் இரண்டு பிரேக்கையும் அடித்தாள். இடதுபக்கம் பிடித்தது. தேய்ந்த வலதுபக்கம் வழுக்கியது. அண்ணன் தள்ளிய வேகத்தில் வண்டி வாசலுக்குப் போகாமல் இருந்த இடத்திலேயே சுழன்று, அவருக்கு எதிரே முகத்துக்கு முகமாக வந்து நின்றது.

"அண்ணே. உன் வீட்டுல ஒரு தடவை விழுந்தேனே. ஞாபகம் இருக்கா? எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க."

"அதுக்கென்ன இப்ப? நாங்க வந்தப்பதான் விழுந்தேன்னு சொன்ன. உடனே தூக்கிட்டோம்ல?"

"பொய் சொன்னேன். நீங்க கிளம்பறப்ப காரை ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேக்குறப்பவே விழுந்துட்டேன். விருந்து முடிஞ்சு, போட்டோ எடுத்து, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் தரையிலதான். சொன்னா அடுத்த தடவை யாரும் எங்கேயும் போகாம எனக்குக் காவல் உக்காருவீங்க. நான் உங்களுக்குக் கைவிலங்கு ஆயிடுவேன். அதான் வாயைத் திறக்கல."

குளியலறையில் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு எவ்வளவு நேரம் கிடந்தேன்னு நெனைக்கிற? தலை காயறதுக்குள்ள ரெண்டு பேர் வந்துட்டாங்க."

"ஒரு கண்ணு தெரியாதவங்க, ஒரு காது கேக்காதவன்!" என்று வெடித்தார் அண்ணன். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று தெரிந்தது போல இருமினார். "அதில்லம்மா... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"சரியாத்தான் சொன்னீங்க," என்றாள் மைக். "அவ லைட்டைப் போட்டா, நான் வந்து நின்னேன். எனக்கு எங்கே தெரியும்? தப்பு என்னோடதுதான். தனியா வந்தது தப்பு. இனிமே யாரு வரிசை அறுந்தாலும் ரெண்டு பேரா வருவோம். பாக்குறதுக்கு ஒன்னு, கேக்குறதுக்கு ஒன்னு. இவனோட போன் செத்தா அதுக்கும் ஒரு வழி பண்ணணும். ஆனா அண்ணே, இவ கிளம்பினா எங்க காலை மிஸ்டு கால் யார்கிட்டேர்ந்து ஆரம்பிக்கும்?"

வெல்டர் இதற்குள் பாக்கெட்டிலிருந்து குறடு எடுத்துக் குளியலறைக்குள் போயிருந்தான். உடைந்த குழாயின் கழுத்தை அது முறுக்கியது. தண்ணீர் நின்றது. அறையில் விழுந்த அமைதியில் மைக்குக்கு அண்ணனின் மூச்சு முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டது. ஓடி வந்தவரின் மூச்சு. இன்னும் அடங்காத மூச்சு.

"எனக்கும் தினம் ஒரு மிஸ்டு கால் குடு," என்றார் கடைசியில். "காலையில. எனக்கும் தெரியணும்ல?"

"வாங்கிக்கிற வேலை மட்டும் இங்க கிடையாது. வாங்கினா குடுக்கணும். வரிசையில நிக்கிறியா?" என்றாள் கமிஷனர்.

"எனக்கு எதுக்கு வரிசை? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நாங்களும் அதைத்தான் தினம் சொல்லிக்கிறோம்."

அண்ணன் எதையோ முனகினார். மணிக்கட்டுக்குத் தன் கையாலேயே கட்டுப் போட்டார். பிறகு, "ஒரு மாசம். பாக்கலாம். அப்புறம் பேசிக்கலாம்," என்றார். சம்மதமா, தவணையா? மைக்குக்கு அந்தக் குரலிலிருந்து பிடிபடவில்லை. பெட்டி மட்டும் காரில் ஏறவில்லை.

மறுநாள் மைக்குக்கு நேரத்தோடு மிஸ்டு கால் வந்தது. பேக்கரிக்குக் கொடுத்தாள். பேக்கரி, வரிசையில் புதிதாகச் சேர்ந்த அண்ணனுக்குக் கொடுத்தான். அண்ணன் கமிஷனருக்குக் கொடுத்து வட்டத்தை மூட வேண்டும்.

மைக் சட்டைப் பித்தான் போடும்போது போன் அலறியது. மிஸ்டு கால் இல்லை. முழு கால்.

"வரல," என்றாள் கமிஷனர்.

"மறந்திருப்பாருடி."

"நேத்து நீயும் போன் சைலன்ட்னு நெனச்சியா? வெல்டருக்கு மெசேஜ் போட்டுட்டேன், வண்டியோட உன் வாசலுக்கு வர்றான், ஏறு. ரெண்டு பேராப் போகணும்னு நீதானே சொன்ன? நான் ஸ்கூட்டர்ல வந்துக்கிறேன்."

"ஒத்தைக் கையோடயா?"

"ஆக்சிலேட்டர் இடது பக்கம்டி. வெல்டர் மாத்திக் குடுத்தது."

சைலன்சர் இல்லாத வண்டி அண்ணன் தெருவையே எழுப்பிக்கொண்டு போய் நின்றது. பின்னாலேயே கமிஷனரின் நாலு சக்கர ஸ்கூட்டர். வேலை முடித்து வந்த பேக்கரியும் மூச்சு வாங்கச் சேர்ந்துகொண்டான். வெல்டர் கதவைத் தட்டினான். தன் சத்தம் தனக்குக் கேட்காதவன் தட்டுகிற தட்டு. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன.

கதவு திறந்தது. பற்பசை வாசனை.

"என்னாச்சு? என்னாச்சு? யாருக்கு?" வாயில் நுரையோடு அண்ணன்.

"உனக்குத்தான். விழுந்து கிடக்கிறியான்னு பாக்க வந்தோம்," என்றாள் கமிஷனர் தெருவிலிருந்து.

"வீட்ல இத்தனை பேர் இருக்காங்களே!"

"அன்னிக்கும் இருந்தீங்களே எல்லாரும். கல்யாணத்துல."

உள்ளேயிருந்து அண்ணியின் சிரிப்பு வெடித்தது. "நல்லா வேணும் உங்களுக்கு!"

அண்ணன் நுரையை விழுங்கினாரா, துப்பினாரா, தெரியவில்லை. செருப்பு இழுபடும் சத்தம் உள்ளே போய்த் திரும்பி வந்தது. விரல் போனில் நாலைந்து முறை தட்டியது.

கமிஷனரின் மடியில் மணி அடித்தது.

ஒரு தரம்.

அவள் எடுக்கவில்லை. கட் செய்தாள்.

"வந்துடுச்சு. நாளைக்கு லேட் பண்ணாதே. வண்டியை எடுங்கடா, வேலைக்கு நேரமாச்சு."